எல்லாரும் சேர்ந்து இறக்கிய சுருதி

மக்கா,

இன்று காலை ஆராதனைக்கு முன் பாடகர் குழு அலமாரியைத் திறந்தேன். பாச்சா உருண்டை நெடியோடு நீ போன பிறகு யாரும் தொடாத உன் வெள்ளை அங்கி என்மேல் வந்து விழுந்தது. போட்டுப் பார்த்தேன். தோள் சரி, வயிறுதான் ஒத்துழைக்கவில்லை.

திருவிருந்துக்கு முன் போதகர் நம்மை நாமே ஆராயச் சொல்லி அமைதி காப்பாரே, அந்த நேரத்தில் நான் ஊராரை ஆராய்வேன். யார் யாரோடு பேசுவதில்லை, யார் கழுத்தில் புதுச் சங்கிலி. "லேய், ஒனக்க காரியத்த மட்டும் பாரு" என்பாய், கண்ணைத் திறக்காமலே.

இன்று ஆராய எனக்கே ஒன்று இருந்தது. புருஷன் வீட்டிலிருந்து திரும்பி வந்துவிட்ட எஸ்தர் இந்தக் கிறிஸ்துமஸுக்குப் பாட வேண்டாம் என்று போன வாரம் குழுவில் முடிவு செய்தோம். ஊர் பேசுமாம். பேசுகிற ஊரில் பாதி நான்தான். நானும் கை தூக்கினேன்.

கண்ணை மூடியதும் அந்தக் கரண்ட் போன ஒத்திகை ஞாபகம் வந்தது. கீபோர்டு இல்லாமலே பாடி முடித்தோம். தேவதூதர்கள் தோற்றார்கள் என்று நினைப்பு. கரண்ட் வந்து கீபோர்டை அமுக்கினால், நாம் மொத்தமாக அரைச் சுருதி கீழே. கீபோர்டுதான் கெட்டுப்போச்சு என்று நான் சொல்ல, எல்லாரும் ஆமாம் போட்டார்கள்.

"நாம எல்லாரும் சேந்து எறங்கினா அது சுருதி ஆயிருமால?" என்றாய் நீ. "நம்ம காதுகிட்ட கேட்டா அது நமக்குச் சாதகமாத்தான் சொல்லும்."

குழுவின் முடிவைக் கர்த்தருக்கு முன்னால் ஒருமுறை வாசித்துக் காட்டலாமா என்று யோசித்தேன். முதல் வரியே வாயில் வரவில்லை.

ஆராதனை முடிந்ததும் எஸ்தர் வீட்டுக்குப் போனேன். ஈரக்கையோடு வந்தாள்.

"என்ன அண்ணே, கதை கேக்க வந்தியளா?"

"இல்ல பிள்ளே. ஒனக்கு எதிரா கை தூக்கினவன்ல நானும் ஒருத்தன். அது தப்பு. நாளைக்கு ஒத்திகையில எல்லாருக்க முன்னாலயும் சொல்லப்போறேன்."

"ஒரு ஆளு சொன்னா கேப்பாவளா?"

"உடனே கேக்கமாட்டாவ. ஊரு வாயில எனக்க கதையும் ரெண்டு நாளு ஓடும்."

முதல்முறையாகச் சிரித்தாள். "எத்தன மணிக்கு ஒத்திகை?"

"ஆறு. ஆனா ஏழுக்கு முன்ன ஒருத்தனும் வரமாட்டான்."

"நான் ஆறுக்கே வாறேன்."

எல்லாரும் ஒன்றுபோலத் தலையாட்டினால் எனக்கு இப்போதெல்லாம் லேசாகப் பயம் வருகிறது. நீ எனக்கு விட்டுப்போனது அந்தப் பயம்தான். அதையும் எடுத்துக்கொண்டு, நாளை நானும் ஆறுக்கே போகிறேன்.