தொப்பிக்காரன் பிழைப்பான்

ராஜபாளையம், ஞாயிறு, ஐப்பசி 1991

மதியம் டிவியில் பழைய கறுப்பு வெள்ளை இங்கிலீஷ் படம். தொப்பியும் தூக்கக் கண்ணுமாக ஒரு கதாநாயகன். பட்டாளத்தில் இருந்தபோது இவன் படம் ஒன்றையும் என் வீட்டுக்காரர் விட்டதில்லையாம்.

தொண்டை ஆபரேஷனில் குரல் போனதிலிருந்து சுவரைப் பார்த்தே கிடந்தவர், இன்று என் தோளைத் தட்டிக் கதை சொன்னார். உதடு மட்டும்தான் அசைந்தது. ஸ்பின்னிங் மில்லில் வேலை பார்த்த நாங்கள் இருவரும் அந்த இரைச்சலில் இத்தனை வருஷம் பேசியது அப்படித்தானே! ஒரு சொல்கூடத் தப்பவில்லை.

"ஏட்டி, இவன் பொம்பளைய நம்பியே கெட்டுப்போவான். முக்காவாசிப் படத்துல செத்துருவான்."

"இதுலயுமா?" நானும் சத்தமில்லாமல்தான் கேட்டேன்.

"இதுல பொழச்சுக்கிடுவான்."

அந்த மில் இரைச்சலை எம்புட்டு வைதிருப்பேன்! இன்று கையெடுத்துக் கும்பிட்டேன்.

ஆபரேஷனில் எடுத்த கட்டியின் ரிசல்ட்டை நாளை மதுரை டாக்டர் சொல்வார். படம் முடியுமுன் கரண்ட் போய்விட்டது. என் வீட்டுக்காரர் சொன்ன முடிவையே நம்பியிருக்கிறேன்.