மூன்றாவது ரவுண்டுக்கு முன்பு

இன்று காலை கேஸ் சிலிண்டர் மாற்றினேன். ரெகுலேட்டரைப் பொருத்துவதற்குள் அந்த வாடை ஒரு நொடி மூக்கில் ஏறியது. கை அப்படியே நின்றுவிட்டது. கதவு ஜன்னல் எல்லாவற்றையும் திறந்துபோட்டுவிட்டு, வெளியே துணி துவைக்கிற கல்லில் போய் உட்கார்ந்து உன்னைத் திட்ட ஆரம்பித்தேன். அந்தக் குளிரில் அரை மணி நேரம் திட்டியிருப்பேன். உனக்கென்ன மச்சான், நீ போய்ச் சேர்ந்துவிட்டாய்.

நீ போய் இரண்டு மாதம் ஆகிறது. அன்று சரசு குன்னூர் மார்க்கெட்டுக்குப் போயிருந்தாள். சாரலுக்கு ஜன்னல்களை இறுகச் சாத்திவிட்டு நீ டீ போடப் போயிருக்கிறாய். டியூபில் கசிவு. தீக்குச்சியை உரசியிருக்கிறாய். உன்னைக் கோயம்புத்தூர் ஆஸ்பத்திரியில் சேர்த்து, விடிவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

பக்கத்து வீட்டுக்காரம்மா வந்தவர்களிடமெல்லாம் ஒன்றையே சொன்னாள். "எனக்கு வேலிக்கிட்டயே குப்புனு அடிச்சுதுங்க. சொல்லலாம்னு எட்டு வெக்கறேன், அதுக்குள்ள வெடிச்சிருச்சு. உள்ள இருந்த மனுசனுக்குத் தெரியாம இருக்குமா?" அது போதாதா ஊருக்கு? ஒரு காலத்தில் மாநில பாக்ஸிங் சாம்பியன், ஒரே தோல்வியில் ஒடிந்து கையுறையைக் கழற்றியவன், அந்தக் குமைச்சல் கடைசியில் அவனையே தின்றுவிட்டது என்று டீக்கடையில் பேசினார்கள். நீ சண்டை போட்டு ஒருநாளும் பார்த்திராதவர்கள்தான் அதிகம் பேசினார்கள்.

ஊர் கிடக்கட்டும். என் தங்கை சரசுவும் அதை நம்பிவிட்டாள், அதுதான் என்னால் தாங்க முடியவில்லை. "அன்னைக்குக் காலைல ரேசன் கடைக்குப் போகலைன்னு கத்திப்போட்டனுங்ண்ணா. 'உங்களுக்கு வாழ்க்கப்பட்டு என்ன சொகத்தக் கண்டேன்'னு கேட்டுப்போட்டேன். அதுக்கா இப்படிப் பண்ணிக்கிட்டாரு?" பார்க்கும்போதெல்லாம் இதே கேள்வி. ஒருவேளைச் சோற்றுக்கு மேல் அவள் சாப்பிடுவதில்லை. உண்மை தெரிந்தவன் நான் ஒருவன்தான். நானோ அவள் எதிரே உட்கார்ந்து ஆறுதல் சொல்கிற மாதிரி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

வெலிங்டன் பட்டாளத்துக்காரர்களோடு பழகி நீ பாக்ஸிங் கற்றுக்கொண்டாய். எஸ்டேட் பேருக்கு ஆடுவாய் என்றுதான் மேனேஜர் துரை உன்னை டீ ஃபேக்டரிக்குள் கொண்டுவந்தார். ஆனால் உன்னை அங்கே நிறுத்தியது உன் மூக்கு. அரைபட்ட கொழுந்தைத் தரையில் பரப்பிப் பதம் வரக் காத்திருக்கும் அறையில் உன்னைப் போட்டார்கள். பச்சை வாசம் போய்ப் பழ வாசம் வரும் அந்த நிமிஷத்தில் அள்ளி டிரையருக்கு அனுப்ப வேண்டும். கொஞ்சம் தாமதித்தாலும் டீயில் உயிர் இருக்காது. நீ குனிந்து ஒரு பிடி எடுத்து மோந்து, "எடுங்கடா" என்பாய். டிரையரில் நின்ற நான் அதற்குத்தான் காத்திருப்பேன். ஃபேக்டரிப் பொறுப்பிலிருந்த டீமேக்கர்கூட உன் முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் தன் மூக்கை நீட்டுவார்.

மெட்ராஸில் அந்த ஃபைனல். பட்டத்தைக் காப்பாற்றிக்கொள்ளப் போனோம். எதிரே வந்தவன் இடதுகைக்காரன், உன்னைவிட ஐந்து வயது சின்னவன். ரிங்கில் உன் மூலையில் நான். எனக்கு என்ன தெரியும்? தண்ணீர் கொடுக்கவும் துண்டால் விசிறவும் தெரியும். எஸ்டேட் ஆஸ்பத்திரி கம்பவுண்டர் ஒரு சின்னப் புட்டியில் அமோனியா கொடுத்து, "கிறங்குனா மூக்குல காட்டு, தெளிஞ்சுரும்" என்று சொல்லியனுப்பியிருந்தார். ரயிலில் விளையாட்டுக்கு உன் மூக்கருகே அதைத் திறந்தேன். நீ கண்ணில் தண்ணீர் கொட்ட எழுந்து ஓடி, "நாசமாப் போறவனே" என்று என்னை விரட்டினாய்.

இரண்டாவது ரவுண்டில் விழுந்தாய். மல்லாக்க விழுந்து பின்மண்டை பலகையில் மோதிய சத்தம் எனக்குக் கேட்டது. எட்டு எண்ணும்போது எழுந்துவிட்டாய். மணி அடித்ததும் முக்காலியில் வந்து உட்கார்ந்தாய். புட்டியைத் திறந்து உன் மூக்கில் காட்டினேன். நீ முகத்தைத் திருப்பவில்லை, கண்ணைக்கூடச் சுருக்கவில்லை. இன்னும் நெருக்கிப் பிடித்தேன். கோயில் சிலை மாதிரி உட்கார்ந்திருந்தாய்.

அட பாவி, அதை நான் தைரியம் என்று நினைத்தேன். இப்பேர்ப்பட்ட நெஞ்சுரமா என்று எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. முதுகில் தட்டி, "எந்திரி மச்சா, இன்னும் மூணே நிமிசம்" என்றேன். நீ எழுந்தாய். அந்த மூன்று நிமிஷத்தில் அவன் உன் இரண்டு கண்ணையும் மூட வைத்தான். துண்டு என் தோளில் கிடந்தது. நான் அதை வீசிச் சண்டையை நிறுத்தவில்லை.

மேட்டுப்பாளையத்தில் இறங்கி பஸ் ஏறினோம். உன் கண் இரண்டும் வீங்கி அடைத்துக் கிடந்தன. வழியில் பஸ் நின்றது.

"ஏன்டா நிக்குது?"

"பர்லியாரு. பலாப்பழம் ஏத்தறாங்க. பஸ்ஸே மணக்குதே, தெரியல?"

நீ மூச்சை இழுத்தாய், மறுபடியும் இழுத்தாய். "இல்லயே மச்சா" என்றாய். சளி பிடித்திருக்கும் என்றேன். குன்னூர் வரும்வரை நீ மூச்சை இழுத்து இழுத்துப் பார்த்துக்கொண்டே வந்தாய்.

மூக்கு திரும்பி வருமா என்று ஒரு மாதம் பொறுத்துப் பார்த்தோம். வரவில்லை. ஒருநாள் ஃபேக்டரிக்குப் பின்னால் விறகு அடுக்குகிற இடத்துக்கு என்னைக் கூட்டிப்போய் அழுதாய். அடி வாங்கி ஒருநாளும் அழாதவன். "பாப்பா தலைல வாசன வரலடா மச்சா" என்றாய். உன் மகளுக்கு அப்போது ஐந்து மாதம். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, "மூக்கு போனதுக்கு நீ இருக்கற. அடுத்த அடில கண்ணு போனா எவன்டா இருப்பான்?" என்றாய். நீ ஏன் பாக்ஸிங்கை விட்டாய் என்று ஊர் எத்தனையோ காரணம் சொன்னது. உண்மையான காரணம் இந்த ஒரு வாக்கியம்தான்.

மறுபடி ஆடச் சொல்லித் துரை கூப்பிட்டனுப்பினார். "தோத்தது அவமானமாப் போச்சுங்க தொர, இனி ஏற மாட்டனுங்க" என்று தலையைக் குனிந்துகொண்டாய். வெளியே வந்து, "கோழைன்னா வேலைல வெச்சுக்குவாங்க. மூக்கில்லாதவன வெச்சுக்குவாங்களா?" என்றாய். வேலை போனால் எஸ்டேட் கொடுத்த லைன் வீடும் போகும், பச்சைக் குழந்தையோடு எங்கே போவது? சரசுவிடமும் சொல்லக்கூடாது, லைனில் பத்துப் பெண்களுக்குத் தெரிந்தால் துரைக்குத் தெரிந்த மாதிரி என்று என் கையைப் பிடித்துச் சத்தியம் வாங்கினாய். நானும் சந்தோஷமாகக் கொடுத்தேன். அந்த ரகசியத்துக்குள் என் புட்டியும் ஒளிந்துகொண்டதல்லவா?

அப்புறம் இருபத்தெட்டு வருஷம் உனக்கும் சேர்த்து நான் மோந்தேன். டிரையரிலிருந்து ஏதோ சாக்கில் வந்து எட்டிப் பார்ப்பேன். பதம் வந்துவிட்டால் தகரச் சுவரில் இரண்டு தட்டு. நீ குனிந்து ஒரு பிடி அள்ளி, கண்ணை மூடி, ரசித்து மோந்து, "எடுங்கடா" என்பாய். என்ன நடிப்பு! பார்க்கும்போதெல்லாம் எனக்குச் சிரிப்பு வரும், வீட்டுக்குப் போனதும் சோறு இறங்காது.

ரிட்டயர் ஆகிச் சொந்த வீட்டுக்கு வந்த பிறகு அந்த ரகசியத்துக்கு ஒரு வேலையும் இல்லை. துரையும் இல்லை, லைன் வீடும் இல்லை. ஒருநாள் நான் வந்தபோது அடுப்பில் பால் தீய்ந்து வீடெல்லாம் நாறியது. நீ பக்கத்திலேயே உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தாய். "அடி வாங்கி வாங்கி மண்ட மரத்துப்போச்சு இந்த மனுசனுக்கு" என்று சரசு கத்தினாள். நீ என்னைப் பார்த்துக் கண்ணடித்தாய். நானும் சிரித்தேன். அன்றைக்கே அவளிடம் சொல்லியிருந்தால் உன்னை அடுப்பண்டை விட்டிருப்பாளா?

இன்று அந்தக் கல்லிலிருந்து எழுந்து நேரே அவள் வீட்டுக்குப் போனேன். தீப்பிடித்த சமையல்கட்டுக்கு இன்னும் சுண்ணாம்பு அடிக்கவில்லை. முன்கூடத்தில் ஸ்டவ் வைத்துச் சமைக்கிறாள். உட்கார வைத்துச் சொன்னேன். பஸ், பலாப்பழம், பாப்பா, தகரச் சுவர் எல்லாம். அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்ப நான் கத்துனதுக்கு இல்லீங்களாண்ணா?"

"இல்ல சாமி. உம்மேல ஒரு தப்பும் இல்ல. அவனுக்குத் தெரியாமத்தான் பத்த வெச்சான்."

இந்த இரண்டு மாதத்தில் அவள் வாய்விட்டு அழுதது இன்றுதான். அதோடு நான் எழுந்து வந்திருக்கலாம். வந்திருந்தால் இன்னொரு பொய்யைச் சுமந்திருப்பேன். புட்டியையும் சொன்னேன். நீ முகத்தைத் திருப்பாததைச் சொன்னேன், துண்டைச் சொன்னேன்.

சரசு அழுகையை நிறுத்தினாள். முந்தானையால் முகத்தை அழுந்தத் துடைத்தாள்.

"அவரு மூஞ்சியத் திருப்பலைன்னு நீங்க பார்த்தீங்கல்லண்ணா? அப்பறமும் எதுக்கு எந்திரிக்கச் சொன்னீங்க?"

சாப்பிடாமல் அவள் என்னை அனுப்பியதே இல்லை. இன்று எழுந்து வாசல்வரைகூட வரவில்லை.

அவளுக்குச் சொல்ல வாய் வராததை உனக்காவது சொல்லிவிடுகிறேன். குன்னூர் பஸ் ஸ்டாண்டில் துரையும் ஃபேக்டரி ஆட்களும் மாலையோடு நிற்பார்கள் என்று எனக்குத் தெரியும். உன் பக்கத்தில் நானும் நிற்க வேண்டும், சாம்பியனின் மச்சான் என்று நாலு பேர் என்னையும் பார்க்க வேண்டும் என்று ஆசைப்பட்டேன். தைரியம் என்று நினைத்தேன் என்றேனே, அது பொய். உன் கண்ணைப் பார்த்தேன் மச்சான், அதில் நீ இல்லை என்று தெரிந்தது. தெரிந்துதான் எந்திரி என்றேன்.