மூலையில் எழுதிய எண்

ஐப்பசி 9, வியாழன்



கோடியக்கரைப் பக்கம் போன துறைமுக லாஞ்சுப் படகு மதியம் திரும்பியது. அதை ஓட்டும் சாரங்கு அந்தோணி நேராக ஆபீசுக்கு வந்து, கடல் வரைபடத்தை என் மேஜையில் விரித்தார்.

“சார், இந்த எடத்துல மூணு பாகம், பதினெட்டு அடி ஆழம்னு போட்டிருக்கு. அங்க மீன்பிடிக்கிற ஆளு ஒருத்தன் இடுப்பளவு தண்ணியில நின்னு கையை ஆட்டுறான். நடுக்கடல்ல! சிக்குன வலையை எடுக்க எறங்கியிருக்கான். அவன் காலுக்கடியில முழுகிப்போன பார்ஜு, பெரிய சரக்குத் தோணி. அவன் இல்லேன்னா நாங்க ஒன்பது பேரும் போயிருப்போம்.”

வரைபடங்களைத் திருத்தி வைப்பது என் வேலை. பார்ஜு மூழ்கிய அறிவிப்பு போன மாதமே வந்துவிட்டது. வரைபடத்தில் அந்த இடத்தில் குறி போட்ட பிறகுதான் கீழ் மூலையில் அறிவிப்பு எண்ணை எழுத வேண்டும். அது வந்த அன்று கோர்ட்டில் எங்கள் நிலக் குத்தகை வழக்கு. மன்னார்குடி பஸ்ஸைப் பிடிக்கும் அவசரத்தில் எண்ணை மட்டும் எழுதினேன். குறியை வந்து போடலாம் என்று போனவன் மறந்தே போனேன்.

அந்தோணி அந்த எண்ணைத் தொட்டுக் காட்டினார். “நீங்க திருத்தியாச்சுன்னு நம்பர் போட்டிருக்கீங்க. அறிவிப்பு அனுப்புனவங்கதான் இந்த எடத்தைச் சொல்லாம விட்டிருக்காங்க. நீங்க விடுவீங்களா சார்?”

நான் வரைபடத்தை என் பக்கம் இழுத்துக்கொண்டேன்.

அவர் சாப்பிடப் போனதும் ஊதா மையில் குறியைப் போட்டுவிட்டேன். யோசிக்கவே இல்லை.

சாயங்காலம் துறைமுக அதிகாரி வந்தார். “நாளைக்கு விசாரணை. அந்த சார்ட்டை எடுத்து வைங்க.”

அப்போதுதான் உறைத்தது. இனி அதைப் பார்க்கிற எவருக்கும், குறி இருந்தும் கவனிக்காமல் ஓட்டியவர் அந்தோணி.

வரைபடம் இருக்கும் பீரோவின் சாவி என்னிடம்தான் இருக்கிறது. ஆனால் குறி போட்டது அழியாத மை.