போஜம்மா அத்தைக்கு உரிய இரண்டு வெடிகள்

அனுப்புநர்:
பொன்னிமாட தேச்சம்மா,
த/பெ. பொன்னிமாட உத்தய்யா,
பத்தாம் வகுப்பு மாணவி,
கெம்மாடு கிராமம், குடகு மாவட்டம்.

பெறுநர்:
மாவட்ட ஆட்சியர் அவர்கள்,
மாவட்ட ஆட்சியர் அலுவலகம்.

பொருள்: எங்கள் குடும்ப ரைஃபிளின் போல்ட்டைக் கெம்மாடு காவல் நிலையம் தொலைத்தது – மாற்றுப் போல்ட் வாங்கக் கடிதம் தர மறுப்பது – என் தந்தைக்கு அனுப்பிய நோட்டீஸை ரத்து செய்யக் கோருவது – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

நடந்த அனைத்தையும் இம்மனுவில் உண்மையாகப் பதிவு செய்யப் போகிறேன். எங்களுக்குப் பாதகமானதையும் விடமாட்டேன். மற்றவர்கள் பேசியதை அவர்கள் பேசியபடியே எழுதியிருக்கிறேன். அதில் மரியாதைக் குறைவு தெரிந்தால் அது பேசியவர்களுடையது.

1. எங்கள் வீட்டு ரைஃபிள், தன் நாட்டுக்குத் திரும்பிய ஓர் ஆங்கிலேயக் காப்பித் தோட்டக்காரரிடமிருந்து என் கொள்ளுத்தாத்தா வாங்கியது. குடகர்கள் உரிமம் இல்லாமலே துப்பாக்கி வைத்துக்கொள்ளலாம் என்பதற்கான உரிம விலக்குச் சான்றிதழ் என் தந்தை உத்தய்யாவின் பெயரில் இருக்கிறது. அதை நாங்கள் வேட்டைக்கு எடுப்பதில்லை. எங்கள் வழக்கப்படி வீட்டில் ஆண் குழந்தை பிறந்தால் வானத்தை நோக்கி ஒரு வெடி, யாராவது இறந்தால் இரண்டு வெடி. அந்த இரண்டைக் கேட்டால் ஊரே கைவேலையைப் போட்டுவிட்டு வந்து நிற்கும்.

2. என் தந்தையின் அக்கா போஜம்மா அத்தைக்குப் புற்றுநோய் கல்லீரல் வரை பரவிவிட்டது. இனி வைத்திருந்து பயனில்லை என்று மருத்துவமனையில் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அத்தை திருமணம் செய்துகொள்ளாதவர். கைல்போது பண்டிகையில் மர உச்சியில் கட்டிய தேங்காயை இதே ரைஃபிளால் சுட்டு வீழ்த்தி, பந்தயத்தில் நின்ற ஆண்களை வாயடைக்க வைத்தவர். அவர் பிறந்தபோது பெண் என்பதால் யாரும் வெடி வைக்கவில்லை. நான் பிறந்தபோது அத்தை யாரையும் கேட்காமல் ரைஃபிளை எடுத்துப்போய் முற்றத்தில் நின்று ஒரு வெடி வைத்தார். பையன் என்று நினைத்து வாழ்த்த வந்தவர்கள் தொட்டிலைப் பார்த்துவிட்டுச் சிரித்தார்களாம். அத்தை சிரிக்கவில்லையாம். இப்போது அவர் எங்களிடம் கேட்பது ஒன்றுதான்: “வந்தப்ப எனக்கு ஒண்ணுகூட வைக்கல. போறப்பவாச்சும் ரெண்டையும் நம்ம துப்பாக்கியிலயே வைங்கடா.”

3. இடைத்தேர்தலை முன்னிட்டு எல்லாத் துப்பாக்கிகளையும் ஒப்படைக்கச் சொன்னார்கள். விலக்குச் சான்றிதழைக் காட்டியும் பயனில்லை. அதனால் இவ்வாண்டு கைல்போது அன்று, ஆயுதங்களுக்குப் பூச்சூட்டி வணங்கும் நாளில், சுவரில் ரைஃபிளை மாட்டும் வெறும் ஆணிக்குச் செங்காந்தள் பூ வைத்தோம். காவல் நிலையத்தில் பாதுகாப்பு என்ற பெயரில் எல்லா ரைஃபிள்களின் போல்ட்டுகளையும் கழற்றி ஒரே சாக்கில் போட்டிருக்கிறார்கள். போல்ட் என்பது தோட்டாவை உள்ளே தள்ளிப் பூட்டும் இரும்புத் தண்டு. அது அந்தந்தத் துப்பாக்கிக்கென்று இழைத்துச் சேர்க்கப்படுவது. தேர்தல் முடிந்ததும் சாக்கில் கைவிட்டு, கைக்கு வந்ததை எடுத்து மாட்டித் திருப்பித் தந்தார்கள். எங்களுக்கு வந்த போல்ட்டில் உள்ள எண்ணும் ரைஃபிளின் உடலில் உள்ள எண்ணும் வேறு வேறு. தோட்டா போட்டால் அது சரியாக மூடுவதும் இல்லை.

4. இதைச் சொல்லப் போன என் தந்தையிடம் ஏட்டு மல்லேசப்பா அவர்கள் கூறியது: “கல்யாண வீட்டுல செருப்பு மாறுறதில்லையா? அதுக்கு யாராவது ஸ்டேஷனுக்கு வருவாங்களா? உங்காளுங்க எல்லாரும் கூடி உக்காந்து மாத்திக்கோங்க.” அதற்கு என் தந்தை, “உங்க தொப்பி மட்டும் எப்படி சார் மாறாம உங்க தலைக்கே வந்துச்சு?” என்று கேட்டது உண்மை. கேட்டிருக்க வேண்டாம் என்று பிறகு வீட்டில் சொன்னார். எனக்கு அப்படித் தோன்றவில்லை.

5. ஆயினும் ஏட்டு சொன்னபடியே ரைஃபிள் உள்ள எல்லா வீட்டாரும் எங்கள் முற்றத்தில் கூடி மாற்றிப் பார்த்தோம். மற்றவர்கள் தங்கள் தங்கள் போல்ட்டைக் கண்டுபிடித்துக்கொண்டு போனார்கள். எங்களுடையது யாரிடமும் இல்லை. எங்களிடம் எஞ்சியிருப்பது கெம்மாட்டில் எவருடையதும் அல்ல. அது எந்த ஊர்த் துப்பாக்கியினுடையது என்று காவல் நிலையத்துக்கும் தெரியவில்லை.

6. மைசூரில் துப்பாக்கி பழுதுபார்க்கும் காசிம் சாயபுவிடம் நானும் தந்தையும் போனோம். எங்கள் ரைஃபிளின் வகையைச் சேர்ந்த பழைய போல்ட் ஒன்று அவரிடம் இருக்கிறது. இழைத்துப் பொருத்தித் தர முடியும் என்றார். ஆனால் அது துப்பாக்கியின் முக்கியப் பாகம் என்பதால், பழையது தொலைந்துவிட்டது என்று காவல் நிலையக் கடிதமும் தங்கள் அலுவலக அனுமதியும் இல்லாமல் அவர் அதைத் தொட முடியாது. “இப்ப மாட்டியிருக்கிறதை வெச்சு மட்டும் சுட்டுடாதீங்க உத்தய்யா. எதிர்ல இருக்கிறவன் பொழைச்சிக்குவான், சுடுறவன் மூஞ்சி போயிடும்” என்று இரண்டு முறை எச்சரித்தார்.

7. கடிதம் கேட்டதற்கு ஏட்டு அவர்கள் தந்த பதில்: “தொலைஞ்சாத்தானே தொலைஞ்சுதுன்னு எழுத முடியும்? துப்பாக்கியில போல்ட் இருக்கு. இருக்கிறதை இல்லைன்னு எழுதச் சொல்றீங்களா?” அத்தையின் நிலையைத் தந்தை எடுத்துச் சொன்னார். “அவ்வளவு அவசரம்னா பக்கத்து வீட்டுல இரவல் வாங்கிச் சுடுங்க” என்றார். ஐயா, பிறந்தபோது ஒன்றும் பெறாத ஒருவருக்கு, போகும்போது இரவல் வெடி போதும் என்று சொல்ல இவர் யார்?

8. சென்ற வாரம் ஏட்டு அவர்கள் ‘சரிபார்ப்பதற்கு’ என்று எங்கள் வீட்டுக்கு வந்தார். அத்தையை முற்றத்து வெயிலில் நாற்காலியில் உட்கார வைத்திருந்தோம். காசிம் சாயபுவின் எச்சரிக்கையைத் தந்தை சொன்னார். அவர் கேட்கவில்லை. ரைஃபிளை வாங்கி, தோட்டா போட்டு, போல்ட்டை உள்ளங்கையால் அடித்து மூடினார். முதலில் சில முறை ‘டிக்’ என்ற ஓசை மட்டும் வந்தது. பிறகு வெடித்தது. “பாத்தியாம்மா, வேலை செய்யுது” என்று என்னைப் பார்த்துச் சொன்னார். தந்தை பதறிப்போய், “ஒண்ணோட நிறுத்துங்க சார். எங்க ஊர்ல ரெண்டு போடக் கூடாது” என்றார். “ஒண்ணுன்னா நம்ப மாட்டீங்க. ரெண்டு சுட்டாத்தான் வாயை மூடுவீங்க” என்று சொல்லி மறுபடியும் சுட்டார். இம்முறை போல்ட்டின் பின்பக்கம் தீயும் புகையும் சீறி அவருடைய ஒரு புருவம் கருகியது. போல்ட் அப்படியே இறுகிவிட்டது. இன்றுவரை திறக்கவில்லை.

9. அடுத்து நடந்ததை ஊகிக்கத் தாங்கள் குடகுக்காரராக இருக்க வேண்டியதில்லை. முதலில் வந்தவர் பக்கத்துத் தோட்டத்து அய்யண்ணா மாமா. வயல் சேறு காயாத காலோடு, அழுதுகொண்டே ஓடி வந்தார். அவருக்குப் பின்னால் துக்கத்துக்கு வெள்ளை உடுத்திய பெண்கள் வந்தார்கள். அத்தை நாற்காலியில் சாய்ந்தபடி ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தார். “வா அய்யண்ணா. செத்தது நான்தான். உக்காரு, காப்பி குடிச்சிட்டு அப்புறமா அழலாம்” என்றார். மாமாவுக்குக் கோபம் வந்துவிட்டது: “அடிப்பாவி, வர்ற வழியிலேயே பாதி அழுதுட்டேன். அதை யாரு திருப்பித் தருவா?” “மீதியை மிச்சம் வை. ரொம்ப நாள் காத்திருக்க வேண்டாம்” என்றார் அத்தை. எல்லோரும் சிரித்தார்கள், ஏட்டு அவர்களும் புருவத்தைத் தடவிக்கொண்டே சிரித்தார். எல்லோரும் போன பிறகு அத்தை என் கையைப் பிடித்துக்கொண்டு, “என் ரெண்டையும் அந்த ஆளே சுட்டுட்டுப் போயிட்டான், பாத்தியா தேச்சு” என்றார். அப்போது அவர் சிரிக்கவில்லை.

10. இதற்குப் பிறகு காவல் நிலையம் செய்த காரியங்கள் இரண்டு. ஒன்று, ‘ஆயுதம் நல்ல நிலையில் உள்ளது, இரண்டு முறை சுட்டுச் சரிபார்க்கப்பட்டது’ என்று அறிக்கை எழுதியது. புருவத்தைப் பற்றி அதில் ஒரு வரியும் இல்லை. இரண்டு, உயிரோடிருக்கும் நபருக்காக மரண வெடி வைத்துப் பொதுமக்களிடையே பீதி ஏற்படுத்தியதாகக் கூறி, விலக்குச் சான்றிதழை ஏன் ரத்து செய்யக் கூடாது என்று கேட்டு என் தந்தைக்கு நோட்டீஸ் அனுப்பியது. சுட்டவர் ஒருவர், நோட்டீஸ் இன்னொருவருக்கு. குடிமையியல் பாடத்தில் நான் இப்படிப் படிக்கவில்லை. பாடநூலை மாற்றிவிட்டார்களா என்று அறிய விரும்புகிறேன்.

ஆகவே ஐயா, எங்கள் போல்ட் காவல் நிலையத்தில் தொலைந்தது என்று எழுதித் தர உத்தரவிடுங்கள். காசிம் சாயபு மாற்றுப் போல்ட்டைப் பொருத்த அனுமதி கொடுங்கள். கடிதம் கையில் கிடைக்கும் அன்றே கடையைத் திறந்து வைத்து உட்கார்ந்து செய்து தருவதாக அவர் வாக்களித்திருக்கிறார். என் தந்தைக்கு வந்த நோட்டீஸை ரத்து செய்யுங்கள். அந்தச் சாக்கை யாராவது ஒருவர், சிரிக்காமல், இன்னொரு முறை கொட்டிப் பார்க்கட்டும். வழக்கமாக மனுக்களில் ‘விரைவில்’ என்று எழுதுவார்கள். நான் அந்தச் சொல்லைப் போதுமானதாகக் கருதவில்லை. அத்தை நேற்றிலிருந்து கஞ்சியும் இறங்காமல் படுத்திருக்கிறார். கண் திறக்கும்போதெல்லாம், இறுகிப்போன ரைஃபிள் தொங்கும் அந்த ஆணியைப் பார்க்கிறார்.

தங்கள் ஒரு கையெழுத்துக்காகக் கோபத்தோடும், அதைவிடச் சற்றே அதிகமான நம்பிக்கையோடும் காத்திருக்கும்,

(ஒப்பம்)
பொன்னிமாட தேச்சம்மா

இடம்: தங்கள் அலுவலக வராந்தா
நாள்: 7 நவம்பர், வெள்ளிக்கிழமை

பின்குறிப்பு (என்னிடம் உள்ள நகலில் எழுதியது): மனுவை ஆயுதப் பிரிவில் நீட்டினேன். நேரம் முடிந்துவிட்டது, நாளை இரண்டாம் சனி, “திங்கக்கிழமை வாம்மா” என்றார் எழுத்தர். எங்கள் அத்தை திங்கட்கிழமை வரை இருப்பாரா என்று எனக்குத் தெரியாது என்றேன். அவர் மனுவை வாங்கித் தன் மேசையில், எல்லாக் கோப்புகளுக்கும் மேலாக வைத்தார். தன் சாப்பாட்டுப் பெட்டியை எடுத்துக்கொண்டு எழுந்தார். விளக்குகள் அணைக்கப்பட்டன.