எட்டுச் செடிகளும் ஒரு கிடாயும்

பசுமலை,
அக்டோபர் 4

அன்புள்ள கனகாவுக்கு,

இன்று காலை நிலவரப்படி உன் எட்டு ரோஜாச் செடிகளில் ஏழில் இலை இருக்கிறது. இதைப் பார்த்து உறுதி செய்தவர் எதிர்வீட்டு மலையாண்டி. என் வார்த்தையை மட்டும் இப்போது நீ ஏற்க மாட்டாய் என்பதால் அவர் பெயரைச் சொல்கிறேன். எட்டாவது செடியைப் பற்றிப் பின்னால் எழுதுகிறேன்.

முதலில் அந்தப் போட்டோ. போன வாரம் வாட்ஸப்பில் உன் செடிகள் என்று நான் அனுப்பியது போன வருஷத்துப் படம். பொங்கலுக்குச் சுவருக்கு மஞ்சள் அடித்ததை நான் மறந்துவிட்டேன், நீ மறக்கவில்லை. "செவுத்துக்கு எப்பத் திரும்ப நீலம் அடிச்சீங்க?" என்று கேட்டு போனை வைத்தவள்தான், அதற்குப் பிறகு எடுக்கவே இல்லை. பேத்தி தூங்குகிறாள், அத்தை குளிக்கிறார்கள் என்று மருமகள் ஆர்த்திகா மாற்றி மாற்றிச் சொல்கிறாள். பெங்களூரில் இவ்வளவு நேரம் குளிக்கத் தண்ணீர் வருவது மகிழ்ச்சி. பத்திரிகையில் இருந்த காலமெல்லாம் பழைய படம் போட்டால் அடியில் 'கோப்புப் படம்' என்று போடாமல் விட்டதில்லை. வீட்டில் போட மறந்தேன். அதனால்தான் இந்தக் கடிதம்.

ஏன் அனுப்பினேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். தீபாவளிக்கு முந்தின நாள் வந்து சேருகிற மாதிரி எடுத்த உன் டிக்கெட்டை ரத்து செய்துவிட்டு, பாப்பா பள்ளிக்கூடம் போகும்வரை அங்கேயே இருக்கச் சொல்லி மகன் சூரியபிரகாஷ் கேட்டது எனக்குத் தெரியும். அவனே சொன்னான். அதற்கு நீ, "இருந்துருவேன், அங்க ரோசாவ யாருடா பாக்குறது?" என்றாயாம். உன்னை இங்கே கூட்டிவர அந்த எட்டுச் செடிதான் இருக்கிறது என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது. அந்த வாரம்தான் இலைகள் சல்லடையாகத் தொடங்கின.

நரம்பு மட்டும் மிச்சம், நடுவில் பச்சையே இல்லை. பகலில் எவ்வளவு புரட்டிப் பார்த்தாலும் ஒரு பூச்சி கிடையாது. எனவே மலையாண்டி வீட்டுக் கிடாய்மேல் சந்தேகப்பட்டேன். அழகர்கோவில் கருப்பசாமிக்கு நேர்ந்துவிட்டது, யாரும் அதட்டுவதில்லை, தெருவெல்லாம் அதற்குச் சொந்தம். நேரில் போய்க் கேட்டேன். மலையாண்டி கோபப்படவில்லை. "அண்ணே, ஆடு தின்னா காம்பு, முள்ளு எல்லாத்தையும் சேத்துத்தான் திங்கும். நரம்ப மட்டும் ஒதுக்கி வைக்க அது என்ன பந்தியிலயா உக்காந்திருக்கு? சாமி கிடாய்க்குக் கெட்ட பேரு வாங்கிக் குடுக்காதீக" என்றார். நான் நம்பவில்லை. கிடாயைக் கையும் களவுமாகப் பிடிக்க, செடிகளுக்கு மேலே பெரிய எல்.இ.டி. பல்பு ஒன்றை மாட்டி, விடிய விடிய எரியவிட்டேன்.

எதற்கும் இருக்கட்டும் என்று இஞ்சி, பூண்டு, பச்சை மிளகாய் அரைத்துக் கரைத்துத் தெளித்தேன். உன் புது மிக்ஸி ஜாரில்தான் அரைத்தேன், வேறு இல்லை. மீதி விழுதை மறுநாளைக்கு ஆகுமென்று பிரிட்ஜில் உன் சட்னி டப்பாவில் வைத்தேன். நான் எப்படி இருக்கிறேன் என்று பார்த்து வரச் சொல்லி நீ அனுப்பிய உன் தம்பி சிவபாண்டி அன்றைக்குத்தான் திருப்பரங்குன்றத்திலிருந்து இட்லிப் பொட்டலத்தோடு வந்தான். நான் குளித்துவிட்டு வருவதற்குள் டப்பா காலி. "காரம் தூக்கலா இருக்கு மச்சான், ஆனா நல்லாருக்கு. அக்கா கூட இம்புட்டு..." என்று ஆரம்பித்தான். அதற்குமேல் அவன் சொன்னதை நான் எழுதவில்லை. அவன் உன் தம்பி. உடம்பு நன்றாக இருக்கிறான், விசாரித்துவிட்டேன். இலையைத் தின்பது எதுவோ, மருந்தைப் பற்றி அதன் கருத்தும் அதேதான் என்று மறுநாள் இலைகளைப் பார்த்ததும் தெரிந்தது. இரண்டு செடியில் இருந்த சேதம் ஆறு செடிக்குப் பரவியிருந்தது.

உண்மை தெரிந்தது ஒரு சாயங்காலம், பல்புக்குக் கீழே நாற்காலி போட்டு டீ குடித்துக்கொண்டிருந்தபோது. டம்ளருக்குள் பழுப்பு நிறத்தில் ஒரு வண்டு விழுந்தது. அண்ணாந்து பார்த்தேன். பல்பைச் சுற்றிப் பெருங்கூட்டம். வெளிச்சத்துக்கு வந்தவை அப்படியே இறங்கி உன் ரோஜாவில் உட்கார்ந்திருந்தன. பகலில் மண்ணுக்குள் ஒளிந்து, பொழுது சாய்ந்ததும் மேய வருகிற ஜாதி. மலையாண்டியைக் கூப்பிட்டுக் காட்டினேன். "கல்யாண வீடு மாதிரி லைட்டப் போட்டு வச்சா வராம என்னண்ணே செய்யும்? தெருவுல இருக்கிற அம்புட்டு வண்டுக்கும் நீங்கதான் பத்திரிகை வச்சிருக்கீக" என்றார்.

பல்பைக் கழற்றிவிட்டேன். அன்றிலிருந்து தினமும் இருட்டத் தொடங்கியதும் நான் சோப்புத் தண்ணீர் பேசினைச் செடிக்கு அடியில் பிடிப்பேன், அவர் கிளையை உலுக்குவார். வண்டுகள் செத்த மாதிரி நடித்துப் பொத்தென்று விழும், பிறகு நிஜமாகவே சாகும். இப்போது பேசினில் விழுவது வெகு குறைவு.

இனி எட்டாவது செடி. முந்தாநாள் கிடாயிடம் மன்னிப்புக் கேட்கிற முறையில் ஒரு கட்டு அகத்திக்கீரை வாங்கிவந்து படியில் வைத்திருந்தேன். நாங்கள் இருவரும் உலுக்குவதில் மும்முரமாக இருந்தபோது திறந்திருந்த கேட் வழியாக அது வந்தது. கீரையைச் சீண்டவில்லை. மூலையில் இருந்த வெள்ளை ரோஜாவை இலை, காம்பு, முள் உட்படத் தின்று முடித்தது. மலையாண்டி சொன்ன அதே முறையில். அவரோ, "பழியும் வந்திருச்சு, பிறகு பட்டினி எதுக்குன்னு நெனச்சிருக்கும்ணே" என்று சொல்லி அதைக் கூட்டிப்போனார்.

இத்துடன் ஓர் இலை வைத்திருக்கிறேன். பாதி தின்றது, நேற்றுப் பறித்தது. இந்தத் தடவை பழையது அல்ல.

வெள்ளை ரோஜாவின் அடித்தண்டு இன்னும் பச்சையாக இருக்கிறது. உயிர் இருந்தால் தீபாவளிக்குள் துளிர் தெரிய வேண்டும் என்கிறார் மலையாண்டி. தெரியாமலும் போகலாம். எட்டும் போனாலும் சரி, இனிப் பழைய படம் அனுப்ப மாட்டேன். டப்பாவை இரண்டு தரம் விளக்கியும் பூண்டு வாசம் போகவில்லை. எதைப் போட்டு விளக்க வேண்டும் என்று சொல்வதற்காகவாவது போனை எடு.

சூரியாவுக்கு நீ என்ன பதில் சொல்லப்போகிறாய் என்று நான் கேட்கவில்லை. டிக்கெட்டில் உள்ள அந்த ரயில் மதுரைக்கு வந்து சேருகிற காலையில் ஸ்டேஷனில் இருப்பேன். நீ வருவது இன்னும் உறுதியாகவில்லை. நான் போவது உறுதி.

பாப்பா நோய் நொடியில்லாமல் வளரட்டும். அவள் கைக்கு எட்டுகிற இடத்தில் அந்த இலையை வைக்காதே.

உன்,
முத்துக்கருப்பன்