மருந்துக்குக் குளிர் தேடிக் கடை கடையாய்த் தின்றது

யேசு மரி சூசை துணை

குருநகர்,
15.3.95

அன்பான மகள் யசிந்தாவுக்கு,

அப்பா எழுதுவது. நீயும் மருமகனும் பேத்தியும் பாரிசில் குளிர் குறைந்து சுகமாய் இருப்பீர்கள் என்று நினைத்துக்கொண்டு, இங்கே நானும் அம்மாவும் நலம் என்று எழுதத் தொடங்கினேன். பக்கத்தில் இருந்து அரிசி புடைத்துக்கொண்டிருந்த அம்மா, "முழு நலம் எண்டு எழுதாதேங்கோ, பாதி நலம் எண்டு எழுதுங்கோ, இல்லாட்டிப் பிள்ளை அடுத்தமுறை மருந்து அனுப்பாமல் விட்டிடும்" என்கிறா. ஆகவே பாதி நலம். நீ அங்கே வந்த சுவாமியிடம் கொடுத்துவிட்ட ஆறு போத்தல் இன்சுலினும் போன வெள்ளிக்கிழமை கிளாலிக் கடலைக் கடந்து ஒன்றும் உடையாமல் வந்து சேர்ந்தன. அதற்குப் பிறகு நடந்ததை எழுதுமுன், வேறு யாரும் எழுதி நீ அறிவதைவிட நானே சொல்லிவிடுகிறேன். உன் அப்பா தபசுகால வெள்ளிக்கிழமையில், இறைச்சி தொடக்கூடாத சுத்தபோசன நாளில், பட்டணத்துப் பேக்கரி ஒன்றில் ஆட்டிறைச்சி றோல் தின்று பிடிபட்டார். பிடித்தது வேறு யாருமில்லை, எங்கள் கோவில் சபைத் தலைவர் நீக்கிலாப்பிள்ளை. நான் கேட்டது மீன் பணிஸ், கடைப் பெடியன் கொண்டுவந்து வைத்தது றோல், பசியில் மூன்று கடி கடித்தபிறகும் எனக்குத் தெரியவில்லை. நாற்பது வருசம் கடலில் கிடந்தவனுக்கு மீன் எது ஆடு எது என்று நாக்குக்குத் தெரியாமல் போனதை என்ன சொல்ல. அடுத்த மேசையில் வெறும் தேத்தண்ணீர் குடித்துக்கொண்டிருந்த நீக்கிலாப்பிள்ளை எட்டிப் பார்த்து, "என்ன காணும் கிறிஸ்துநாயகம், உந்த மீனுக்கு நாலு காலோ?" என்று கேட்டார், பேக்கரி முழுக்கச் சிரித்தது. போன மாதம்தான் அவரும் நானும் சேர்ந்து நின்று இளம் பிள்ளைகளுக்குச் சுத்தபோசனம் பற்றிப் புத்தி சொன்னோம். அடுத்த நாள் காலை பாவசங்கீர்த்தனத்தில் றோலைச் சொன்னேன், பங்குச் சுவாமி தட்டிக்கு அந்தப் பக்கம் இருந்து சிரித்தது எனக்குக் கேட்டது.

நான் ஏன் பேக்கரிக்குப் போனேன் என்றால் எல்லாம் அந்த மருந்துக்காகத்தான். மருந்தைக் குளிரில் வைக்க வேண்டும், வெக்கையில் கெட்டுவிடும் என்று நீ இரண்டு இடத்தில் கோடு போட்டு எழுதியிருந்தாய். இங்கே கரண்ட் நின்று ஐந்து வருசம் ஆகப்போகிறது. குருநகரில் பிறிட்ஜ் இருந்த வீடுகளில் இப்போது வீடே பாதிதான் இருக்கிறது. அம்மா ஒரு மண்பானையில் ஈர மணல் நிரப்பி, "ஆஸ்பத்திரியிலை ஊசி போடுற மிசி சொல்லித்தந்தவ, இதுக்குள்ளை வைச்சால் காணும்" என்றா. எனக்கு மனம் வரவில்லை. பாரிசில் இருந்து பிளேனும் வள்ளமும் ஏறிவந்த மருந்தை மீன் கழுவுகிற பானைக்குள் வைப்பதா என்று கேட்டேன். அது மீன் கழுவுகிற பானை இல்லை, புதுப்பானை என்று அவ சண்டைக்கு வந்தா. கடைசியில் இரண்டு போத்தல் அவவின் பானைக்கு, நாலு போத்தல் என் பொறுப்புக்கு என்று பிரித்துக்கொண்டோம். அம்மாவின் கால் புண் உனக்குத் தெரியும், நத்தாருக்கு முதல் வந்தது. மருந்து ஒழுங்காய்க் கிடைத்த கிழமைகளில் காய்கிறது, கிடைக்காத கிழமைகளில் திரும்பவும் ஊறுகிறது. சீனி இறங்காவிட்டால் பெருவிரலை எடுக்க வேண்டிவரும் என்று டாக்குத்தர் தை மாதமே சொல்லிவிட்டார். கண்ணும் மங்கல், உன் கடிதங்களை நான்தான் வாசித்துக் காட்டுகிறேன். ஆகவே அந்த நாலு போத்தலும் எனக்கு நாலு போத்தல் இல்லை, அம்மாவின் கால்.

இப்போது இங்கே சண்டை நின்று பேச்சுவார்த்தை நடக்கிற படியால் கடைகளுக்கு மாவும் சீனியும் வந்திருக்கின்றன. பட்டணத்தில் பூட்டிக் கிடந்த கூல்பார்கள் திறந்து, மண்ணெண்ணெயில் ஜெனறேற்றர் ஓட்டி ஐஸ்கிறீம் விற்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, ஒரு கடையில் பிறிட்ஜின் ஒரு மூலையைக் கேட்டு வாங்கலாம் என்று புறப்பட்டேன். ஆனால் உன் அப்பாவின் குணம் உனக்குத் தெரியும், வெறுங்கையோடு போய் உதவி கேட்க எனக்கு வாய் வராது, ஒன்றை வாங்கித் தின்றால்தான் பேச்சு வரும். அப்படித்தான் வெள்ளிக்கிழமை அந்த றோல். அதைத் தின்று, சிரிப்பும் வாங்கி, பிறகு முதலாளியிடம் கேட்டால் அவர் உள்ளே கூட்டிக்கொண்டுபோய்ப் பிறிட்ஜைத் திறந்து காட்டினார், உள்ளே நிறையப் பாண். "இது எலிக்குப் பயந்து பாண் பூட்டி வைக்கிற அலுமாரி ஐயா, கரண்ட் இல்லை, இஞ்சை போறணைச் சூடுதான் இருக்கு, குளிருக்கு நான் எங்கை போக" என்றார்.

சனிக்கிழமை பாவசங்கீர்த்தனம் முடித்து நேரே பட்டணம். பஸ் நிலையத்தடித் தேத்தண்ணீர்க் கடையில் இரண்டு வடை, ஒரு பால் தேத்தண்ணீர், அங்கே ஐஸ் வைக்கிற பெட்டி இருந்தது, ஐஸ் இல்லை. தட்டாதெருச் சந்திப் பக்கம் ஒரு சைவக்கடையில் இரண்டு தோசை, அங்கே நல்ல பிறிட்ஜ், ஜெனறேற்றரும் உண்டு. ஆனால் காசாளர் கனகசபாபதி திருநீற்றுப் பூச்சோடு என்னை ஏற இறங்கப் பார்த்து, "ஐயா குறை நினைக்கக் கூடாது, உந்த மருந்து பண்டியிலையிருந்து எடுக்கிறதாம், எங்கடை தயிர்ச் சட்டிக்குப் பக்கத்திலை வைக்க ஏலாது" என்றார். எனக்குக் கோபம் வரவில்லை மகள், பயம்தான் வந்தது, அப்படியென்றால் உன் அம்மா ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் பன்றி ஊசியால் சுத்தபோசனம் மீறுகிறாவே, நான் ஒரு றோலுக்கு வெட்கப்பட்டேனே என்று. அதற்குப் பிறகு இன்னொரு பேக்கரியில் பட்டர் கேக் ஒரு துண்டு, அவர்கள் அடுத்த மாதம் கடையைப் பூட்டிக்கொண்டு கொழும்புக்குப் போகிறார்களாம். இப்படித் தின்று தின்று, நாலு போத்தலும் வைத்த பிளாஸ்கைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு பள்ளிக்கூடப் பிள்ளைபோல் அலைந்து, கடைசியில் கஸ்தூரியார் வீதியில் ஒரு கூல்பாருக்குள் ஏறினேன். முதலாளி இளையதம்பி என்று வல்வெட்டித்துறைப் பக்கத்து மனிதர், நாற்பது வயதிருக்கும். ஒரு ஐஸ்கிறீம் சொல்லி, பாதி தின்னுமுன்னமே விசயத்தைச் சொன்னேன். அவர் ஒன்றும் யோசிக்கவில்லை, "என்ரை அம்மாவும் இதே வருத்தத்திலைதான் அண்ணை செத்தவ, தாருங்கோ, உங்கடை வீட்டுப் பிறிட்ஜ் எண்டு நினையுங்கோ" என்று இரண்டு கையாலும் வாங்கினார். ஐஸ்கிறீமுக்கும் காசு எடுக்கவில்லை. விளக்கமாய்ச் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டு, நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வீட்டுக்கு வந்து, பானையை ஒரு பார்வை பார்த்தேன்.

ஞாயிறு காலைப் பூசையில் உன் அப்பா பிரசங்கம் முழுக்க வெளியேதான் நின்றார், வடையும் தோசையும் கேக்கும் ஐஸ்கிறீமும் வயிற்றுக்குள் ஒன்றோடொன்று பேச்சுவார்த்தை நடத்தி, அது முறிந்துபோயிற்று. ஆனாலும் விடவில்லை. நான் பிடித்த பிறிட்ஜை அம்மா கண்ணால் பார்க்க வேண்டும் என்று, பூசை முடிய சைக்கிள் கரியரில் ஏற்றிக்கொண்டு போனேன். முப்பத்தினாலு வருசத்தில் நாங்கள் இரண்டு பேரும் கடையில் இருந்து சாப்பிடப் போனது அதுதான் முதல் தரம். அம்மா உன் கலியாணத்துக்கு வாங்கிய சேலையைக் கட்டி, கால் புண்ணுக்குப் புதுச் சீலை சுற்றி, கதிரை நுனியில் இருந்தா. கடையில் நிற்க இடமில்லை. தாய் தகப்பன், பிள்ளை குட்டி, சைக்கிளில் வந்த பெடியள் எல்லாரும் ஐஸ்கிறீம் தின்கிறார்கள், ஆனால் ஒருவரும் ஆறுதலாகத் தின்னவில்லை மகள், பிந்தினால் கடையைப் பூட்டிவிடுவான் என்பதுபோலத் தின்றார்கள். பின்னால் இருந்த ஒருவர் தன் மனைவியிடம் "தின்னும், தின்னும், சித்திரைக்கு என்ன நடக்குமோ ஆருக்குத் தெரியும்" என்றது கேட்டு என் கையும் ஒருக்கால் நின்றது. அம்மா சீனி போடாமல் தேசிக்காய்த் தண்ணீர் கேட்டா, உப்புப் போட்டுக் கொடுத்தார்கள். போத்தலை ஒருக்கால் காட்டும் தம்பி என்று நான் பெருமையாய்க் கேட்டேன்.

இளையதம்பி ஒரு பீங்கான் தட்டில் நாலு போத்தலையும் அடுக்கி, கலியாண வீட்டுத் தட்டுப்போல் ஏந்திக்கொண்டு வந்தார். எல்லாம் வெள்ளை வெளேரென்று கல்லாய் இருந்தன. ஒன்று வெடித்து ஐஸ் வெளியே துருத்திக்கொண்டு நின்றது. "பாருங்கோ அம்மா, எப்பிடி வைச்சிருக்கிறன் எண்டு" என்றார் அந்த மனிதர். அம்மா தட்டைத் தொட்டாவோ இல்லையோ, முகம் மாறிவிட்டது. இன்சுலின் ஐஸ் ஆகக்கூடாது என்று அதே மிசி அவவுக்குச் சொல்லியிருக்கிறா, அவ எனக்குச் சொல்லவில்லை, நான் கேட்கவுமில்லை. "எவர் தம்பி உமக்கு உந்தப் போத்தலுகளை ஐஸுக்குள்ளை வைக்கச் சொன்னது? என்ரை பிள்ளை கடல் கடந்து அனுப்பின மருந்தெல்லே, உமக்கு ஐஸ்பழம் செய்யவோ தந்தது?" என்று அவ கேட்ட சத்தத்தில் கடையில் அத்தனை கரண்டியும் நின்றுவிட்டன. இளையதம்பி என்னை ஒருக்கால் பார்த்தார். பிறகு தலையைக் குனிந்து, "தெரியாமல் செய்துபோட்டன் அம்மா, மன்னிச்சுக்கொள்ளுங்கோ" என்றார். அம்மா எழும்பிவிட்டா, நானும் போத்தல்களை எடுத்துக்கொண்டு பின்னால் எழும்பினேன்.

நேரே முந்தி ஆஸ்பத்திரியில் மருந்து கொடுத்த எங்கள் பழைய அப்போதிக்கரி அருட்பிரகாசம் வீட்டுக்குப் போனோம், ஏதும் வழி இருக்கும் என்று ஒரு ஆசை. அவர் உருகிய போத்தல் ஒன்றை வெளிச்சத்தில் பிடித்து ஆட்டிப் பார்த்து, "அண்ணை, உது இனி மருந்தில்லை. குத்தினால் நோகும், அவ்வளவுதான்" என்றார். பிறகு வீட்டுப் பானையில் இருந்த இரண்டையும் எடுத்துவந்து காட்டினோம், அவை நல்லாய் இருக்கின்றனவாம், நீர்வேலி மண்ணில் செய்த பானையோ என்று வேறு கேட்டார். இனி இந்த வீட்டில் அம்மாவோடு கதைத்து வெல்ல என்னால் ஏலாது, பானைக்குப் பூ வைக்காத குறை.

ஆக மகள், கையில் இருப்பது இரண்டே போத்தல். ஒன்று பன்னிரண்டு நாளுக்கு வரும், உயிர்த்த ஞாயிறு மட்டும் போவதே கஷ்டம். அதை நீட்ட வேண்டுமென்று அம்மா ஊசியில் குறைத்து இழுக்கிறா, நேற்று நான் கண்டுபிடித்தேன், வாசித்துக் காட்டும்போது அவவும் கேட்கட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன். இங்கே ஆஸ்பத்திரிக்கு மருந்து வந்தால் தருகிறார்கள், வருவதுதான் இல்லை. பாதை திறந்திருக்கிற இந்த நாட்களிலேயே இன்னொரு முறை அனுப்ப ஏலுமானால் அனுப்பு. மருமகனுக்கு வேலை குறைந்த நேரம் என்று எழுதியிருந்தாய், உன்னை நெருக்க எனக்கு மனமில்லை, ஆனால் கேட்காமல் இருக்கவும் வழியில்லை. உன் எழுத்தில் ஒரு குறையும் இல்லை, குளிரில் வை என்றுதானே எழுதினாய். பாரிசில் சந்திக்குச் சந்தி பேக்கரி என்று சொல்கிறார்கள், ஞாயிற்றுக்கிழமைகளில் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போங்கள், ஆனால் இந்த வருத்தம் தாயில் இருந்து பிள்ளைக்கு வருமாம், நீ ஒருக்கால் இரத்தம் சோதித்துப் பார்த்து எனக்கு எழுது. அம்மா ஒவ்வொரு நாளும் செபமாலை முடிய அந்தக் கூல்பார்க்காரருக்காக ஒரு பரலோக மந்திரம் சொல்கிறா, அறியாமல் செய்த பாவத்தை மன்னிக்க வேண்டுமென்று. கிணற்றடியில் பெண்டுகளோடு கதைக்கும்போது மட்டும் இன்னும் மன்னிக்கவில்லை, இந்தப் பக்கத்துச் சனம் இனி அந்தக் கடைக்குப் போகாது.

உங்கள் மூன்று பேரையும் மாதா தன் முந்தானைக்குள் வைத்துக் காக்கட்டும். பேத்தியின் நெற்றியில் என் சார்பில் ஒரு சிலுவை போட்டுவிடு. மருந்து கொண்டுவந்த சுவாமி திங்கட்கிழமை கொழும்புக்குத் திரும்புகிறார், இது அவர் கையில் வருகிறது. மருந்து அனுப்பினால் யார் கையில், எந்த நாளில் என்று முன்கூட்டியே எழுத மறக்காதே.

மகள், இதுவரை எழுதியதை அம்மாவுக்கு உரக்க வாசித்துக் காட்டிவிட்டேன். றோல் கதையை வெட்டியிருக்கலாம் என்று சொல்லிவிட்டுப் பக்கத்து வீட்டுக்குச் செபமாலைக்குப் போய்விட்டா. கீழே உள்ளதை அவவுக்கு வாசிக்கவில்லை. அந்த இளையதம்பி போத்தல்களைச் சோடா வைக்கிற கதவுத் தட்டில்தான் வைக்கப் போனார். நான்தான் மறித்து, "தம்பி, அதிலை காணாது, மேலை ஐஸ் பிடிக்கிற பெட்டிக்குள்ளை வையும்" என்று, பிறிட்ஜோடு பிறந்தவன்போல் புத்தி சொன்னேன். "அதுக்குள்ளை வைக்கலாமோ அண்ணை?" என்று அவர் ஒருக்கால் கேட்டும் பார்த்தார். அம்மா அத்தனை சனத்துக்குள்ளும் அவரைக் கேட்டபோது அவர் என்னைப் பார்த்தது அதற்குத்தான், பார்த்துவிட்டுத் தன் தலையில் போட்டுக்கொண்டார். நேற்று அவர் கடைக்குத் தனியாய்ப் போனேன், அம்மாவிடம் உண்மையைச் சொல்லிவிடுகிறேன் என்று சொல்லத்தான் போனேன். வாய் திறக்குமுன் ஒரு சீனிப் பணிசும் தேத்தண்ணீரும் கொண்டுவந்து வைத்தார், தின்றேன். அம்மாவின் கால் எப்படி அண்ணை என்று கேட்டார், பரவாயில்லை என்றேன், வந்துவிட்டேன். வீட்டிலும் அம்மா அவருக்காகச் சொல்கிற மந்திரத்துக்கு நான்தான் சத்தமாய் ஆமென் சொல்கிறேன். "லூர்த்து, நான்தான் வைக்கச் சொன்னனான்" என்பதை மட்டும் அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை.

இப்படிக்கு,
உன் அப்பா
ம. கிறிஸ்துநாயகம்