தலைமையாசிரியர் வீட்டின் பள்ளி செல்லாக் குழந்தை

திண்ணனூர் நாடு, கொல்லிமலை
பிப்ரவரி 22

அன்பு மகன் முரளிக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் ரஞ்சிதாவும் உடம்பளவில் சுகம், மற்ற அளவுகளைக் கீழே எழுதியிருக்கிறேன். அந்தப் பின்லாந்துப் பனியில் நீ காதை மூடிக்கொண்டு நடக்கிறாயா, வேளைக்குச் சாப்பிடுகிறாயா என்று உடனே பதில் போடு. இதையெல்லாம் போனில் சொல்லியிருக்கலாம் கண்ணு, ஆனால் போனில் நீ பாதியிலேயே சிரிக்க ஆரம்பித்துவிடுவாய், எனக்குக் கோபம் வந்து மீதியை விழுங்கிவிடுவேன். கடிதத்தில் நீ சிரிப்பது எனக்குக் கேட்காது.

எல்லாவற்றையும் ஆரம்பித்து வைத்தவன் நீதான். போன மே மாதம் வீடியோவில் வந்து, பின்லாந்தில் பிள்ளைகளுக்குப் பரீட்சை பயம் கிடையாது, வீட்டுப்பாடம் பேருக்குத்தான், மரம் மட்டை என்று வெளியில் சுற்றியே படித்துக்கொள்கிறார்கள் என்று சொன்னாய். அந்த ஊர்ப் பிள்ளைகளும் தினம் பள்ளிக்கூடத்துக்குப் போய்த்தான் அப்படிப் படிக்கிறார்கள் என்ற சின்ன விவரத்தை மட்டும் விட்டுவிட்டாய். நானும் கேட்கவில்லை. அப்போது ரஞ்சிதா மலைக்குக் கீழே இருந்த இங்கிலீஷ் மீடியம் பள்ளிக்கு வேனில் போய்க்கொண்டிருந்தாள் அல்லவா, எழுபது கொண்டை ஊசி வளைவும் இறங்கும்போது வாந்தி, ஏறும்போது தூக்கம், நடுவில் கொஞ்சம் படிப்பு. அப்பா தலைமையாசிரியராக இருக்கும் நடுநிலைப் பள்ளி நம் வீட்டிலிருந்து கூப்பிடு தூரம்தான். மணி அடித்தால் நம் அடுப்படியில் கேட்கும். அங்கே உன் தங்கையைச் சேர்க்கலாம் என்று எனக்கோ அப்பாவுக்கோ ஒரு நாளும் தோன்றியதில்லை. ஏன் தோன்றவில்லை என்று கேட்காதே, இப்போது நினைத்தால் கூச்சமாக இருக்கிறது. ஆக வேனை நிறுத்தினேன், ஜூன் மாதம் முதல் ரஞ்சிதாவுக்கு வீட்டுவழிக் கல்வி என்று அறிவித்தேன். அப்பா பேப்பரைத் திருப்பிக்கொண்டார். அவர் அப்படித் திருப்பினால் சம்மதம் என்று நான் முப்பது வருஷமாக எடுத்துக்கொண்டு வருகிறேன்.

குழந்தைக் கல்வி பற்றி ஒன்பது புத்தகம் வரவழைத்துப் படித்தேன். ஒன்பதிலும் குழந்தையின் கேள்வியை மதியுங்கள் என்று இருந்தது, கேள்விக்குப் பதில் ஒன்றிலும் இல்லை. மைனஸை மைனஸால் பெருக்கினால் ஏன் பிளஸ் வருகிறது என்று ரஞ்சிதா முதல் வாரமே கேட்டாள். அருமையான கேள்வி, நாம் இருவரும் சேர்ந்தே கண்டுபிடிப்போம் என்று முகத்தை மலர வைத்துக்கொண்டு சொன்னேன். சேர்ந்து தேட சிக்னல் இல்லை, எனக்கோ பிளஸ் டூவில் கணக்கைப் பாதியில் விட்ட பழைய பயம். பக்கத்து அறையில் இருபத்தாறு வருஷமாகக் கணக்கு நடத்தும் மனுஷர் உட்கார்ந்திருக்கிறார், அவரிடம் போய்க் கேட்க என் கௌரவம் இடம் கொடுக்கவில்லை. இதற்கு நடுவில் என் வேலையும் நிற்கவில்லை. நாமக்கல் பதிப்பகத்தாருக்குப் பத்தாம் வகுப்பு நோட்ஸ் மெய்ப்புத் திருத்திக் கொடுக்கிறேன் என்பது உனக்குத் தெரியும். காலை ஒன்பது மணிக்கு மனப்பாடம் பிள்ளைகளின் அறிவைக் கெடுக்கும் என்று மகளுக்குப் பாடம் எடுப்பேன், பத்தரைக்கு உட்கார்ந்து 'இந்த இருபது வினாக்களை மனப்பாடம் செய்தால் தேர்ச்சி உறுதி' என்ற வரியில் ஒற்றுப்பிழை திருத்துவேன். ஒன்பது புத்தகத்தையும் தொடாத ரஞ்சிதா அந்த நோட்ஸ் தாள்களை மட்டும் எனக்குத் தெரியாமல் எடுத்து ஆசையாகப் படித்தாள். இதிலாவது பதில் இருக்குதுங்கம்மா என்றாள்.

அனுபவக் கல்வி என்று ஒரு நாள் அவளை மரவள்ளிக் கிழங்கு பிடுங்க வைத்து, வேர், மண், ஈரம் என்று விளக்கிப் போட்டோவும் எடுத்தேன். வேலிக்கு அந்தப் பக்கம் கண்ணாயியின் மகள் கலைமணி அதே கிழங்கைப் பிடுங்கிக்கொண்டிருந்தாள். உனக்கு நினைவிருக்கும், நம் வேலியை ஒட்டிய காட்டுக்காரர்கள், கண்ணாயியும் அவள் புருஷன் சின்னுசாமியும். கலைமணிக்கும் ரஞ்சிதா வயசுதான், அப்பா பள்ளியில் எட்டாம் வகுப்பு. அன்றைக்கு வேலை நாள். பள்ளிக்கூடம் போகவில்லையா என்று நான் அவளைக் கேட்டேன், ரொம்ப அக்கறையாகக் கேட்டேன். அவள் ரஞ்சிதாவைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், கிழங்கைக் கூடையில் போட்டாள். அப்போது எனக்கு உறைக்கவில்லை.

ஜனவரியில் மிளகு பறிப்பு தொடங்கியது. வருஷா வருஷம் அந்தச் சமயத்தில் பிள்ளைகள் குறைவதும் அப்பா வீடு வீடாகப் போய்ச் சத்தம் போட்டுத் திரும்பக் கூட்டி வருவதும் வழக்கம்தான். இந்த வருஷம் மேல் வகுப்புகளில் முப்பத்தொரு பேரில் பதினொரு பேர் நின்றுவிட்டார்கள். அப்பா முதலில் கண்ணாயி வீட்டுக்குப் போய் வழக்கம்போல அதட்டியிருக்கிறார். அவள் மிளகு பறிக்கும் ஏணியிலிருந்து இறங்காமலே, "ஏனுங்க சார், எம்புள்ள ஊட்லயேதானுங்க படிக்குது. உங்க ஊட்ல நடக்கறதுதான் எங்க ஊட்லயும் நடக்குது" என்றாளாம். அடுத்த வீட்டிலும் அதே பதில், அதற்கு அடுத்த வீட்டில் அதற்கு ஒரு பெயரும் வைத்துவிட்டார்கள், ஹோம் ஸ்கூல் என்பது அவர்கள் வாயில் ஓம் ஸ்கூல். சின்னுசாமி மட்டும் மரியாதையாக, "எங்களுக்கெல்லாம் முன்னாடி வழி காமிச்சது சாரூட்டு அம்மாதானுங்க" என்று கையெடுத்துக் கும்பிட்டிருக்கிறார். மலையில் ஒரே மாதத்தில் இத்தனை வீடுகளில் ஒரு கல்விப் புரட்சி செய்தவள் உன் அம்மா ஒருத்திதான். அப்பா வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றிவிட்டு, "ராஜாமணி, நான் இனி எந்த மூஞ்சியை வெச்சுட்டு ஊடு ஊடாப் போறது?" என்று மட்டும் கேட்டார். கோபமாகக் கேட்டிருந்தால் நான் சண்டை போட்டிருப்பேன்.

அதற்கு அடுத்த வாரம் பள்ளி செல்லாக் குழந்தைகள் கணக்கெடுப்பு வந்தது. வட்டாரக் கல்வி அலுவலகத்திலிருந்து பிரிசில்லா மேடம் என்று ஒருவர், தர்மபுரிப் பக்கம், மலை ஏறி வந்ததில் தலை சுற்றிப்போய் முதலில் நம் வீட்டில்தான் உட்கார்ந்தார். எலுமிச்சை ஜூஸ் குடித்தார். பிறகு ரஞ்சிதாவைப் பார்த்து, பாப்பா எந்த ஸ்கூல் என்றார். மேடம், கூட வந்த அப்பா, நான், மூன்று பேரும் ஜன்னலைப் பார்த்தோம். ரஞ்சிதாதான் உள்ளதைச் சொன்னாள். மேடம் தங்கமானவர், ஆனால் படிவம் படிவம்தானே. அதை நிரப்ப வேண்டியது தலைமையாசிரியர். உன் அப்பா நம் வீட்டு நாற்காலியில் நம் வீட்டுப் பேனாவால், "தாயார் பெயருங்க?" என்று என்னைக் கேட்டார் முரளி. நானும் சொன்னேன். நின்றதற்குக் காரணம் என்று ஒரு கட்டம். வறுமை, இடம்பெயர்வு, வேலைக்குச் செல்லுதல், பெற்றோருக்கு விருப்பமின்மை. தாயார் ஒன்பது புத்தகம் படித்தார் என்பதற்குக் கட்டமே இல்லை. மேடம் தயங்கித் தயங்கி, "கடைசியில டிக் பண்ணிக்கலாங்களா சார்?" என்றார். அப்பா டிக் செய்தார். ஏழாவது பெயர் கலைமணி, எட்டாவது நம் பெண்.

அவர்கள் போன பிறகு அந்த நகலை எடுத்துப் பார்த்தேன். கலைமணிக்கு நேராக, மலைக்குக் கீழே ஜவ்வரிசி செய்யும் சேகோ ஆலைக்கு வேலைக்குச் செல்ல உள்ளார் என்று இருந்தது. விசாரித்தால், அவள் சித்தி ஒருத்தி அங்கே வேலை செய்கிறாளாம், வருகிற திங்கட்கிழமை காலை பஸ்ஸில் கூட்டிப் போகிறாளாம். எட்டாம் வகுப்பு முடிய இரண்டே மாதம். சனிக்கிழமை கண்ணாயி வீட்டுக்குப் போனேன். கல்வி உரிமை, பெண் குழந்தை, எதிர்காலம் என்று வழியெல்லாம் மனசுக்குள் ஒரு பேச்சு தயார் செய்துகொண்டுதான் போனேன். அவள் பாயில் காய்ந்த மிளகைக் கையால் அளைந்துகொண்டே முழுதும் கேட்டாள். கேட்டுவிட்டு, "உங்க புள்ள ஊட்ல உக்காந்தாப் படிப்புங்க, எம்புள்ள ஊட்ல உக்காந்தா வேலைங்க. அது எனக்குத் தெரியாதுன்னு நெனச்சீங்களா? ஆனா சாரோட பள்ளிக்கூடத்தை சாரூட்லயே நம்பலீன்னா நான் எதுக்குங்க நம்போணும்?" என்றாள். திட்டவில்லை, சந்தேகம் கேட்பது போலத்தான் கேட்டாள். கொஞ்ச நேரம் நானும் உட்கார்ந்து மிளகில் கிடந்த காம்பைப் பொறுக்கினேன். அப்புறம், எங்கள் ரஞ்சிதா திங்கட்கிழமை அங்கே வந்து உட்கார்ந்தால் கலைமணியை அனுப்புவீங்களா என்று கேட்டேன். "உக்காரட்டுங்க, பாக்கறேன்" என்றாள்.

வீட்டுக்கு வந்து ரஞ்சிதாவிடம் எப்படிச் சொல்வது, அவள் மனசு உடைந்துவிடுமே என்று தவித்து, சுற்றி வளைத்து ஆரம்பித்தேன். அவள் நான் முடிப்பதற்குள் பையைத் தேடப் போய்விட்டாள். "எட்டு மாசமா எனக்கு ஒரே பிரெண்டு நீங்கதானுங்கம்மா" என்றாள். குழந்தையின் கேள்வியை மதிக்கிற அம்மா, குழந்தையிடம் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை என்பது அப்போதுதான் தெரிந்தது.

திங்கட்கிழமை ரஞ்சிதா வகுப்பில் போய் உட்கார்ந்துவிட்டாள். சித்தி ஏறும் பஸ் எட்டரைக்கு. பள்ளி மணி ஒன்பது இருபதுக்கு. நான் பள்ளிச் சுவரோரம் கறிவேப்பிலை பறிப்பது போல நின்றேன், அந்தச் செடியில் இலையே இல்லாமல் போகும் அளவுக்குப் பறித்தேன். பஸ் போன சத்தம் கேட்டது. மணி அடித்தது. கலைமணியின் இடம் காலி. வகுப்பிலிருந்து ரஞ்சிதா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள், என்னால் அவளை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. பத்து மணி இருக்கும், ஒற்றையடிப் பாதையில் கண்ணாயி வந்தாள். கையெல்லாம் மிளகுக் கறுப்பு, பின்னால் பையோடு கலைமணி. நேராக ஜன்னலுக்குப் போய் உள்ளே எட்டி நம் பெண் தரையிலா பெஞ்சிலா, எங்கே, யார் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறாள் என்று நிதானமாகப் பார்த்தாள். பார்த்த பிறகுதான் மகள் முதுகில் கை வைத்து உள்ளே தள்ளினாள். சித்தி தனியாகப் போய்விட்டாளாம். சிரிக்காதே, எனக்கு அழுகை வந்துவிட்டது, கறிவேப்பிலையால் துடைத்துக்கொண்டேன்.

அந்த வாரத்துக்குள் ஒன்பது பேர் திரும்ப வந்துவிட்டார்கள். இரண்டு பேர் வரவில்லை, குடும்பத்தோடு முள்ளுக்குறிச்சிப் பக்கம் இறங்கிவிட்டார்கள், அப்பா இன்னும் ஆள் விட்டு விசாரித்துக்கொண்டிருக்கிறார். ரஞ்சிதாவுக்கு மைனஸ் கேள்விக்குப் பதில் முதல் நாளே அப்பா வகுப்பில் கிடைத்தது, வீட்டுக்கு வந்து எனக்குச் சொல்லிக் கொடுத்தாள், இரண்டாம் தடவை எனக்கும் புரிந்தது. அந்தத் தெம்பில், விட்டுப்போன பிளஸ் டூ கணக்கைத் தனியாக எழுதப் பணம் கட்டாத குறையாக விண்ணப்பம் எல்லாம் வாங்கி வைத்திருக்கிறேன். வீட்டுவழிக் கல்வி நிற்கவில்லை, மாணவி மட்டும் மாறியிருக்கிறாள். நோட்ஸில் ஒரு விடையே தப்பு என்று கண்டுபிடித்துப் பதிப்பகத்துக்குச் சொன்னேன், போன வருஷமும் அப்படித்தாங்க இருந்துச்சு, யாரும் கேக்கலீங்களே என்றார்கள்.

கடைசியாக ஒரு செய்தி. பள்ளி மேலாண்மைக் குழுவின் தலைவி ஊரை விட்டுப் போனதால் போன வாரம் பெற்றோரைக் கூட்டிப் புதிதாகத் தேர்ந்தெடுத்தார்கள். படித்தவள், சாரூட்டு அம்மா என்று என்னைத்தான் போடுவார்கள் என்று நினைத்து, மறுத்துப் பேச நாலு வார்த்தை யோசித்து வைத்திருந்தேன். மறுக்க வேண்டிய அவசியம் வரவில்லை. யாரோ கண்ணாயியின் பெயரைச் சொன்னதும் எல்லாக் கையும் உயர்ந்துவிட்டது, என் கையும் சேர்த்து. இந்தச் செவ்வாய்க்கிழமை ரஞ்சிதாவைக் கண் பரிசோதனைக்கு நாமக்கல் கூட்டிப் போயிருந்தேன். சாயங்காலம் திரும்பி வந்தால் வாசலில் கண்ணாயி, கூடவே கலைமணி. "புள்ள இன்னிக்கு வரலீங்களே, ஓம் ஸ்கூலுங்களா?" என்றாள். நான் அங்கேயே நின்று லீவு லெட்டர் எழுதிக் கொடுத்தேன். கலைமணி சத்தமாக வாசிக்க, கண்ணாயி கடைசி வரை கேட்டு, "செரிங்க. அடுத்த தடவை மொதல் நாளே குடுத்துப்போடுங்க" என்று மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு போனாள். முப்பது வருஷத்தில் அப்பா அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை.

நீ நல்லபடியாக இருக்க வேண்டும் சாமி, அறப்பளீசுவரர் உனக்குக் குளிரிலும் துணையிருக்கட்டும். மிளகு ஒரு பொட்டலம் அனுப்பியிருக்கிறேன், சளிக்குக் கஷாயம் வைத்துக் குடி. பாஸ்போர்ட் எப்போது முடிகிறது என்று இன்றைக்கே எடுத்துப் பார். அந்த நாட்டில் வேறு ஏதாவது நல்ல பழக்கம் இருந்தால் இனிமேல் முழு விவரத்தோடு சொல்.

இப்படிக்கு உன் அம்மா,
சு. ராஜாமணி,
சாதாரண உறுப்பினர், பள்ளி மேலாண்மைக் குழு